சுண்ணாம்புக் குகைகளுள் எதற்குப் போவது? – வாசகர் கேள்வி பதில்

பள்ளி விடுமுறை நெருங்கும்போது இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை கடற்கரைகளைப் பற்றியவையாகவே இருக்கும். இம்முறை என்ன காரணமோ, குகைகளைப் பற்றி ஆறேழு பேர் எழுதியிருக்கிறார்கள். ஆகையால் இந்த இதழில் வேறு கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டுக் குகைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஜூன் பள்ளி விடுமுறையில் ஒரு வாரம் குடும்பத்துடன் சுண்ணாம்புக் குகைகளைப் பார்த்துவர விரும்புகிறோம். என் கணவர் சரவாக்கின் முலு என்கிறார். பதினைந்து வயது மகன் காணொளிகளைப் பார்த்துவிட்டு வியட்னாமின் ஃபோங் ஞாதான் வேண்டுமென்று அடம்பிடிக்கிறான். ஒன்பது வயது மகளுக்கு நீந்துவதற்கு எங்காவது தண்ணீர் இருந்தால் போதும். எழுபத்தொரு வயதாகும் மாமியாருக்கு முழங்கால் வலி உண்டு. அவரை வீட்டில் விட்டுவிட்டுப் போக எங்களுக்கு மனமில்லை. எதைத் தேர்ந்தெடுப்பது? – ஒரு வாசகி, ஈசூன்

பதில்: முடிவை முதலில் சொல்லிவிட்டுக் காரணங்களுக்கு வருகிறேன். உங்கள் மாமியாரால் சமதளத்தில் நின்று நின்றாவது மூன்று கிலோமீட்டர் நடக்க முடியுமானால் முலுவுக்குப் போங்கள். முடியாதென்றால் ஈப்போவுக்குப் போங்கள். ஃபோங் ஞாவை மகனுக்காக இன்னொரு விடுமுறைக்கு எடுத்து வையுங்கள்.

குகைப் பயணம் என்றதும் பலரும் உலகிலேயே பெரியது எது, நீளமானது எது என்ற கணக்கிலிருந்துதான் தொடங்குகிறார்கள். மூன்று தலைமுறையாகச் சேர்ந்து போகும் குடும்பத்துக்கு அந்தக் கணக்கால் பயனில்லை. கூட்டத்தில் யாருடைய முழங்கால் மிகவும் தளர்ந்திருக்கிறதோ அந்த முழங்காலும், நீங்கள் போகப்போகும் மாதமும் சேர்ந்துதான் குகையைத் தீர்மானிக்க வேண்டும். ஆகவே விமானச்சீட்டு வாங்குவதற்கு முன்னர் ஒரு மாலையில் மாமியாரை ஈசூன் குளத்தைச் சுற்றி நடக்க அழைத்துப் போங்கள். திரும்பியதும் புளோக்கின் படிக்கட்டில் மூன்று மாடி ஏறி இறங்கச் சொல்லுங்கள். ஏறும்போது பார்ப்பதைவிட இறங்கும்போது அவர் முகத்தைக் கவனியுங்கள். முழங்கால் வலிக்காரருக்கு இறக்கம்தான் சோதனை. குகைப் பாதைகளிலோ ஏறிய படிகளையெல்லாம் இறங்கித்தான் ஆக வேண்டும், அதுவும் ஈரத்தில், அரையிருட்டில்.

முலு தேசியப் பூங்கா 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. அங்கே போகும் பயணிகளில் பெரும்பாலோர் மீரியிலிருந்து அரை மணி நேரம் பறக்கும் சிறிய விமானத்தில்தான் போகிறார்கள். அந்த விமானத்தில் இருக்கைகள் குறைவு என்பதால் ஐந்து பேருக்குச் சேர்ந்தாற்போல் இடம் கிடைப்பது எளிதன்று. முதலில் அந்தச் சிறு விமானத்தின் இடத்தை உறுதி செய்யுங்கள். அடுத்துப் பூங்காவில் தங்குமிடத்தையும் வழிகாட்டியையும் பதிவு செய்யுங்கள். சிங்கப்பூரிலிருந்து மீரிக்கோ கூச்சிங்குக்கோ செல்லும் சீட்டைக் கடைசியில் வாங்குங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு மீரியில் இரண்டு நாள் கடைத்தொகுதியைச் சுற்றிவிட்டு வந்திருக்கிறார்கள். மூன்று இரவு தங்குங்கள். இரண்டு இரவு போதாதா என்று கேட்பீர்கள்; அதற்குரிய விடை வௌவால்களிடம் இருக்கிறது, வருகிறேன்.

அங்கே பயணிகளுக்கெனப் பாதை போட்ட குகைகள் நான்கு: மான் குகை, லாங் குகை, காற்றுக் குகை, தெளிநீர்க் குகை. பூங்கா அலுவலகத்திலிருந்து மான் குகைக்குச் சுமார் 3 கிலோமீட்டர் தூரமுள்ள பலகைப் பாதை காட்டின் ஊடாகவே போகிறது. பாதை பெரும்பாலும் சமதளம், வழியில் உட்காரலாம். வழிகாட்டியோடு பிற்பகலில் புறப்பட்டு, முதலில் சிறியதான லாங் குகையையும் பிறகு மான் குகையையும் பார்த்துவிட்டு, மாலையில் வெளியே உள்ள திறந்தவெளியில் வௌவால்களுக்காகக் காத்திருப்பது வழக்கம். லாங் குகை சிறியதாயினும் அங்கேதான் சுண்ணாம்பு விழுதுகளை முகத்துக்கு அருகே பார்க்க முடியும். மான் குகையிலோ எல்லாமே தூரம். கூரை சில இடங்களில் 100 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. நம் முப்பது மாடிப் புளோக்கு ஒன்றைத் தூக்கி உள்ளே வைத்தாலும் தலை தட்டாது. அமோனியா நெடி முதல் ஐந்து நிமிடத்துக்கு மூக்கைப் பிடிக்க வைக்கும், பிறகு பழகிவிடும். பாதையோரத்து எச்சக் குவியல்மேல் விளக்கைக் காட்டினால் அதன் மேற்பரப்பு மெல்ல நெளிவதுபோலத் தோன்றும். குனிந்து பார்த்தால் அத்தனையும் கரப்பான்கள். கைப்பிடியைத் தொடும் முன் விளக்கைக் காட்டிப் பார்க்கும்படி மகளிடம் சொல்லி வையுங்கள். மாமியாருக்குக் கைப்பிடி தேவைப்படும் என்பதால் பழைய துணிக் கையுறை ஒன்றைக் கொடுத்துவிடுங்கள்.

அந்தக் குகையில் முப்பது லட்சம் வௌவால்கள் வரை வாழ்வதாக மதிப்பிடுகிறார்கள். மாலை ஐந்து மணிக்கும் ஆறரை மணிக்கும் இடையில் அவை இரை தேடி வெளியே கிளம்பும். மழை பெய்தால் பெரும்பாலும் கிளம்புவதில்லை. நான் போன முதல் மாலை சரியாக ஐந்தேகாலுக்குத் தூறல் பிடித்துக்கொண்டது. பெஞ்சில் மழைச்சட்டையோடு ஏழு மணி வரை உட்கார்ந்துவிட்டு இருட்டில் மூன்று கிலோமீட்டர் திரும்பி நடந்தேன். மறுநாள் வானம் வெளுத்திருந்தது. குகை வாயிலிலிருந்து சாம்பிராணிப் புகை சுருள்வதுபோல் முதல் கூட்டம் எழுந்தது. அது மலைமுகட்டைத் தாண்டுவதற்குள் அடுத்தது, அதன் பின்னால் அடுத்தது. தலைக்கு நேர்மேலே அவை கடக்கும்போது இலைகளில் சாரல் விழுவது போன்ற ஓசை கேட்டது. மீண்டும் மழையோ என்று பக்கத்திலிருந்த பெரியவர் குடையை விரித்துவிட்டார். மூன்று இரவு தங்கச் சொன்னது இதற்காகத்தான்: ஒரு மாலையை மழைக்குக் கொடுத்துவிட்டாலும் கையில் இன்னொன்று இருக்கும்.

இரண்டாம் நாள் காலையில் மெலினாவ் ஆற்றில் நீள்படகில் காற்றுக் குகைக்கும் தெளிநீர்க் குகைக்கும் போகலாம். தெளிநீர்க் குகைத் தொகுதியில் இதுவரை ஆராய்ந்து அளந்த வழிகள் 200 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டன என்பதால், நீங்கள் நடக்கும் சில நூறு மீட்டர் அதன் வாசற்படி மட்டுமே. அதற்கு ஏறக்குறைய 200 படி ஏற வேண்டும். மாமியார் அதை விட்டுவிடட்டும். குகைநீர் வெளியே வந்து தேங்கும் பச்சைக் குளத்தின் கரையில் மேசையும் நாற்காலியும் இருக்கின்றன. உங்கள் மகள் நீந்துவதற்கான இடமும் அதுவே. பாட்டியும் பேத்தியும் அங்கே இருக்க, மற்ற மூவரும் ஏறி இறங்கி வரலாம். ஒரே இடத்தில் ஐந்து பேருக்கும் ஐந்து விதமாக வேலை இருக்கிறது என்பதாலேயே உங்களுக்கு முலுவைச் சொல்கிறேன்.

ஈப்போவைப் பற்றி. சிங்கப்பூரிலிருந்து காரில் ஏறக்குறைய 550 கிலோமீட்டர். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் நெரிசலைப் பொறுத்து முழுப்பகல் ஆகிவிடும். மாமியாருக்கு ஏற்றது கெக் லோக் தோங் என்னும் சீனர் குகைக்கோயில்: தரை வழவழப்பாக, பெரும்பாலும் சமமாக இருக்கும், மலையின் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியேறினால் பின்னால் குளமும் தோட்டமும். மகனுக்கும் கணவருக்கும் கோப்பெங் அருகிலுள்ள குவா தெம்புரோங் இருக்கிறது. ஐந்து பெரிய கூடங்களைக் கொண்ட அந்தக் குகையில் நிலத்தடி ஆறு ஓடுகிறது, முன்பு ஈயமும் எடுத்திருக்கிறார்கள். புறப்படும் வாரத்தில் அது திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். ஒரு முறை ஒரு பயண முகவர் எங்களை ஈப்போவில் ஒரே நாளில் நான்கு குகைக்கு ஓட்டிக்கொண்டு போனார். மாலையில் எந்தப் படம் எந்தக் குகையில் எடுத்தது என்று எங்களுக்கே தெரியவில்லை. நாளுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு.

ஃபோங் ஞாவை ஏன் தள்ளிவைக்கச் சொன்னேன்? குறை குகையில் இல்லை. சொர்க்கக் குகை என்னும் தியென் துவோங் 31 கிலோமீட்டர் நீளமுள்ளது. அதில் பயணிகள் மரப்பாதையில் சுமார் ஒரு கிலோமீட்டர் நடக்கலாம். வடிவங்களின் அழகில் முலுவின் எந்தக் குகையும் அதற்கு ஈடில்லை என்பதே என் எண்ணம். ஆனால் அதற்கு அருகிலுள்ள நகரமான டோங் ஹோய்க்குப் போக விமானம் மாற வேண்டும் அல்லது டானாங்கிலிருந்து பல மணி நேரம் சாலையில் போக வேண்டும். ஜூன் மாதத்தில் அங்கே 35 பாகையைத் தாண்டும் வெயில். குகை வாயிலை அடையவே 500க்கு மேற்பட்ட படிகள் அல்லது அதற்கு மாற்றான நீண்ட சரிவுப்பாதை. முழங்கால் வலிக்காரர் விடுதியில் உட்கார்ந்திருக்க நேரிடும். உங்கள் மகனிடம் கோபம் வேண்டாமென்று சொல்லுங்கள்; அவன் கேட்டது நல்ல குகைதான்.

கேள்வி: எனக்குக் குகைகளின் உருவங்களைவிட, அங்கே வாழ்ந்த ஆதிமனிதர்களின் தடயங்களைப் பார்ப்பதில்தான் ஆர்வம். தனியாகப் பயணம் செய்பவன். சரவாக்கின் நியாவுக்குப் போவதா, இந்தோனேசியாவின் சுலாவேசிக்கா? – ஒரு வாசகர், தெம்பனிஸ்

பதில்: இரண்டும் சுண்ணாம்புக் குகைகளே, ஆனால் காட்டுவது வேறு வேறு. மீரியிலிருந்து சாலை வழியாக இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய நியாவில் 1958ஆம் ஆண்டில் டாம் ஹாரிசன், பார்பரா ஹாரிசன் தம்பதியரின் அகழாய்வில் ஏறக்குறைய 40,000 ஆண்டு பழைமையான மனித மண்டையோடு கிடைத்தது. மழைக்காட்டில் மனிதன் குறைந்தது 50,000 ஆண்டுகளாக எப்படி வாழ்ந்தான் என்பதற்கான தொடர்ச்சியான சான்று அங்கே இருப்பதாக ஏற்று, 2024இல் யுனெஸ்கோ அதை உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. சிறு படகில் ஆற்றைக் கடந்து மூன்று கிலோமீட்டர் அளவுக்குப் பலகைப் பாதையில் நடந்தால் பெருங்குகையின் மேற்கு வாயில் வரும். ஏறக்குறைய 60 மீட்டர் உயரமுள்ள அந்த வாயிலின் ஓரத்தில், வேலி போட்ட பழைய அகழாய்வுக் குழிகளைத் தவிர வேறொன்றும் இருக்காது. மண்டையோடு அங்கே இல்லை, ஏமாற்றமடைய வேண்டாம். வீட்டுக்குள் வெளிச்சம் வரும் திண்ணையில்தானே நாமும் உட்காருவோம், அவர்களும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அந்த வாயிலில் நின்று வெளிக்காட்டைப் பார்த்தால் புரிந்துவிடும். இன்னும் உள்ளே நடந்து மறுபக்கம் வெளியேறினால் ஓவியக் குகை. சிவப்பு நிறத்தில் படகுகளும் மனிதர்களும் கோடுகளாகத் தெரியும். இறந்தவர்களைப் படகு வடிவப் பெட்டிகளில் வைத்து அங்கே விட்டிருக்கிறார்கள்.

நியாவில் இன்றும் வேலை நடக்கிறது. கூரையிலிருந்து தொங்கும் கம்புகளில் ஏறி உழவாரன் குருவியின் கூடுகளை எடுப்பவர்களை, பருவம் பொருந்தினால் நீங்கள் பார்க்கலாம். சீன மருந்துக்கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் விற்கும் பறவைக்கூடு அதுதான். இருட்டில் மிக உயரத்தில் ஒரு சின்ன விளக்கு மட்டும் அசையும். அது ஓர் ஆள் என்று விளங்க எனக்குச் சிறிது நேரம் பிடித்தது.

சுலாவேசியில் மக்காசார் நகருக்கு அருகிலுள்ள மாரோஸ் பகுதியின் சிறப்பு ஓவியங்கள். குகைச் சுவரில் கையை வைத்து அதைச் சுற்றிச் செம்மண் சாயத்தை ஊதி எடுத்த கைத்தடங்களை லியாங் லியாங் தொல்லியல் பூங்காவில் சாதாரணப் பயணிகளும் பார்க்கலாம். 2014இல் வெளியான ஆய்வு அந்த வட்டாரத்துக் கைத்தடம் ஒன்றுக்குக் குறைந்தது 39,900 ஆண்டு வயது என்றது. 2021இல் ஒரு காட்டுப்பன்றி ஓவியத்துக்கு 45,500 என்றார்கள். 2024இல் லியாங் கரம்புவாங் குகையின் ஓவியத்துக்கு 51,200 என்றார்கள். இந்த வயதைக் கணக்கிட உதவியதும் சுண்ணாம்புதான். ஓவியத்தின்மேல் நீர் கசிந்து படிந்த சுண்ணாம்புப் படலத்தில் இருக்கும் யுரேனியம் எவ்வளவு சிதைந்திருக்கிறது என்று அளக்கிறார்கள். படலத்துக்கு அந்த வயதென்றால் அடியிலுள்ள ஓவியம் அதற்கும் மூத்ததாகத்தானே இருக்க வேண்டும். நான்கு நாள் மட்டும் இருந்தால் நியா. ஒரு வாரம் இருந்தால் மாரோஸ். நியாவையும் முலுவையும் மீரியிலிருந்து ஒரே பயணத்தில் இணைத்துக்கொள்ள முடியும் என்பது நியாவுக்கு இன்னொரு வசதி.

கேள்வி: பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் நான். நாற்பது ஆண்டுகளாகப் பத்துமலைக்குப் போய்வருகிறேன். அண்மையில் என் பேரன், "அது கோயில் தாத்தா, குகையில்லை" என்றான். சுண்ணாம்புக் குகைகளின் வரிசையில் பத்துமலையை வைக்கலாமா? – ஒரு வாசகர், பாசிர் ரிஸ்

பதில்: தாராளமாக வைக்கலாம் ஐயா. அது கோயிலானது நேற்று, குகையானது எப்போதோ. அந்தப் பாறையின் வயது ஏறக்குறைய 40 கோடி ஆண்டுகள் என்கிறார்கள். கோலாலம்பூரின் தம்புசாமிப் பிள்ளை அங்கே முருகன் சன்னிதியை ஏற்படுத்தியது 1890களின் தொடக்கத்தில். 1892 முதல் தைப்பூசம் நடக்கிறது. 42.7 மீட்டர் உயரமுள்ள முருகன் சிலை 2006இல்தான் வந்தது. படிகளுக்கு வண்ணம் பூசியது 2018இல்.

அடுத்த முறை பேரனை அழைத்துப் போகும்போது தரிசனம் முடிந்ததும் உடனே இறங்கிவிடாதீர்கள். 272 படி ஏறி மேல்குகையில் நுழைந்ததும் இன்னும் சில படி இறங்கி ஏறிப் பின்பகுதிக்குப் போனால் கூரை திறந்து வானம் தெரியும். அந்தத் திறப்பு யாரும் வெட்டியதன்று. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இலேசான அமிலமாகிறது. அது வெடிப்புகளில் இறங்கிச் சுண்ணாம்புக்கல்லை அரித்து அரித்துக் கூடத்தை உண்டாக்குகிறது. கூரை மெலிந்த இடத்தில் ஒரு நாள் உடைந்து விழுகிறது. அந்த வாயிலாகத்தான் இன்று பிற்பகல் வெயில் சன்னிதியின்மேல் விழுகிறது. அங்கேயே சுவரோரமாக நின்று மேலே பாருங்கள். தொங்கும் விழுதின் நுனியில் ஒரு துளி நீர் திரண்டு, நடுங்கி, விழும். விழும் முன் அது விட்டுச்செல்லும் சுண்ணாம்புத் துகளால்தான் விழுது நீள்கிறது. தரையில் தெறித்தபின் விடுவதால் கீழிருந்து முளை எழுகிறது. ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராது. பேரனைக் கையை நீட்டி ஒரு துளியை ஏந்தச் சொல்லுங்கள். ஆனால் விழுதைத் தொட விடாதீர்கள், தோலிலுள்ள எண்ணெய் பட்டால் அந்த இடத்தில் சுண்ணாம்பு சரியாகப் படியாது.

படி ஏறும் வழியில் இடப்பக்கம் இருக்கும் இருட்டுக்குகைதான் பத்துமலையின் உண்மையான இயற்கைக் கருவூலம். லிஃபிஸ்டியஸ் பத்துவென்சிஸ் என்று பத்துமலையின் பெயரையே தாங்கிய, வளைக்குக் கதவு கட்டி வாழும் அரிய சிலந்தி அங்கே இருக்கிறது. ஆனால் 2019இல் அக்குகையைப் பார்வையாளர்களுக்கு மூடிவிட்டார்கள். அதை நம்பித் திட்டமிட வேண்டாம். உங்கள் முழங்கால் இப்போது 272 படிக்கு இணங்கவில்லையென்றால் அடிவாரத்தில் அனுமன் சிலைக்குப் பக்கத்திலுள்ள ராமாயணக் குகை இருக்கிறது. அங்கே வண்ண விளக்குகள் சற்று அதிகம்தான். எனினும் சிலைகளுக்குப் பின்னால் பாறையைப் பார்த்தால் அதுவும் நல்ல குகை என்பது தெரியும். ஈப்போப் பக்கம் போனால் குனோங் சேரோவில் கல்லுமலை சுப்பிரமணியர் கோயிலையும் பாருங்கள். அங்கும் சுண்ணாம்புக் குன்றை ஒட்டியே முருகன் இருக்கிறான்.

கேள்வி: நண்பர்கள் நால்வர், எல்லாருக்கும் முப்பது வயதுக்குள். டிசம்பரில் ஐந்து நாள் விடுப்பு இருக்கிறது. உலகிலேயே பெரிய குகையான சோன் டூங்குக்குப் போக ஆசை. முடியுமா? – ஒரு வாசகர், செங்காங்

பதில்: டிசம்பரில் முடியாது. வியட்னாமின் ஃபோங் ஞா கே பாங் தேசியப் பூங்காவிலுள்ள சோன் டூங்குக்கான பயணங்கள் ஜனவரி முதல் ஆகஸ்டு வரைதான் நடக்கின்றன. செப்டம்பரிலிருந்து அந்த மலைப்பகுதியில் வெள்ளக்காலம். ஐந்து நாளும் போதாது, ஏனெனில் குகைக்குள்ளேயே கூடாரத்தில் தங்கிச் செல்லும் அந்தப் பயணம் நான்கு பகல், மூன்று இரவு. முன்னும் பின்னும் ஒரு நாள் வேண்டும். ஆண்டுக்கு ஏறக்குறைய ஆயிரம் பேருக்குத்தான் அனுமதி. ஆளுக்குச் சுமார் 3,000 அமெரிக்க டாலர். ஹோ கான் என்ற உள்ளூர்க்காரர் 1990ஐ ஒட்டி மழைக்கு ஒதுங்கியபோது கண்டு, பிறகு வழியை மறந்து, மீண்டும் தேடிக் கண்டுபிடித்துக் காட்ட, 2009இல் பிரிட்டிஷ் குழு அளந்த குகை அது. 2013 முதல்தான் பயணிகளை அனுமதிக்கிறார்கள். ஆசை இருந்தால் ஓராண்டு முன்னதாகப் பதிவு செய்துவிட்டு, வாரயிறுதிகளில் புக்கிட் தீமா குன்றில் ஏறி இறங்கிப் பழகுங்கள். அதற்கு முன்னோட்டமாக, அதே பூங்காவில் ஒரே இரவு தங்கும் ஹாங் என் குகைப் பயணத்தைப் பரிந்துரைக்கிறேன். அங்கும் குகைக்குள் மணற்கரையில்தான் கூடாரம். ஃபோங் ஞா கே பாங் 2003 முதல் உலக மரபுடைமைத் தலம். 2025இல் எல்லைக்கு அப்பாலுள்ள லாவோஸின் ஹின் நாம் நோ பூங்காவையும் அதனுடன் இணைத்துவிட்டார்கள்.

இந்த டிசம்பருக்குத் தாய்லாந்தின் மேற்குக் கரை. கிராபி, பாங் ஙா பக்கத்தில் அப்போது மழை ஓய்ந்து கடல் அமைதியாக இருக்கும். குகை வழியாகத் துடுப்புப் படகில் நுழைந்து, நாற்புறமும் பாறைச்சுவர் சூழ்ந்த உட்கடலில் வெளிப்படலாம். வேலியிறக்கம், வேலியேற்றம் பார்த்துத்தான் படகோட்டி உள்ளே விடுவார். கூரை தாழ்ந்த இடத்தில் படகில் மல்லாந்து படுக்க வேண்டும். மூக்குக்கு மேலே ஒரு சாண் தூரத்தில் சிப்பி ஒட்டிய பாறை நகரும். இன்னொரு வழி பிலிப்பீன்ஸின் பலவான் தீவு: அங்கே புவேர்ட்டோ பிரின்சேசாவின் நிலத்தடி ஆறு 8.2 கிலோமீட்டர் நீளத்துக்குக் குகைக்குள் ஓடி நேராகக் கடலில் கலக்கிறது. அனுமதிச் சீட்டை முன்கூட்டியே வாங்க வேண்டும். ஐந்து நாளில் கிராபிதான் நிம்மதி.

கேள்வி: குகை என்றாலே 2018இல் தாய்லாந்தில் சிறுவர்கள் சிக்கிக்கொண்டதுதான் என் மனைவிக்கு நினைவுக்கு வருகிறது. பிள்ளைகளை அழைத்துப் போக மறுக்கிறார். அவரிடம் என்ன சொல்வது? – ஒரு வாசகர், புக்கிட் பாத்தோக்

பதில்: அவர் அஞ்சுவதில் தவறில்லை என்று சொல்லுங்கள், பிறகு வேறுபாட்டை எடுத்துச் சொல்லுங்கள். தாம் லுவாங் குகையில் பன்னிரண்டு சிறுவர்களும் அவர்களுடைய பயிற்றுவிப்பாளரும் நுழைந்தது ஜூன் 23ஆம் தேதி, அதாவது அந்த வட்டாரத்தில் மழைக்காலம் தொடங்கியபின். மலைமேல் பெய்யும் மழை சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகள் வழியாக விரைவில் உள்ளே இறங்கிவிடும். உள்ளே இருப்பவருக்கு வெளியே மழை பெய்வதே தெரியாது. கடைசிச் சிறுவன் வெளியே வந்தது ஜூலை 10. மீட்புப் பணியில் ஒரு முக்குளிப்பாளர் உயிரிழந்தார். முலுவின் பலகைப் பாதையும் பத்துமலையின் படிக்கட்டும் அத்தகைய இடங்கள் அல்ல. நிலத்தடி ஆற்றில் இறங்கி நடக்கும் சாகசப் பயணங்களுக்குத்தான் இந்த ஆபத்து பொருந்தும். அவற்றைப் பிள்ளைகள் வளரும்வரை விட்டுவிடுங்கள். முலுவிலும் தண்ணீர் ஏறினால் சில குகைகளை மூடுவார்கள். அன்று வழிகாட்டியிடம் "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே" என்று வாதாடும் சிங்கப்பூரர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அந்தக் கூட்டத்தில் சேராதீர்கள்.

கேள்வி: நம் சிங்கப்பூரில் சுண்ணாம்புக் குகை உண்டா? – ஒரு மாணவி, ஜூரோங்

பதில்: பார்க்கும்படி இல்லை. தென்மேற்கே பண்டான் பக்கத்தில் மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக்கல் படுகை இருக்கிறது; ஆனால் அது கட்டுமானப் பொறியாளர்களுக்குத்தான் வேலை வைக்கிறது. நீங்கள் கேள்விப்பட்டிருக்கக்கூடிய ஜூரோங் பாறைக் குகைகள், 2014இல் திறக்கப்பட்டு, 130 மீட்டர் ஆழத்தில் எண்ணெய் சேமிப்பதற்காக மனிதர் குடைந்தவை.

கேள்வி: எனக்கு ஆஸ்துமா உண்டு. வௌவால் குகைகளுக்குப் போகலாமா? – ஒரு வாசகி, தோ பாயோ

பதில்: உங்கள் மருத்துவரைக் கேட்டபிறகே போக வேண்டும், நான் பயணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். காய்ந்த வௌவால் எச்சம் தூசியாகப் பறக்கும் இடங்களில் ஹிஸ்டோபிளாஸ்மோசிஸ் என்னும் பூஞ்சைத் தொற்று நுரையீரலைப் பாதிக்கலாம். ஆகவே நியாவின் உட்பகுதியும், சபாவில் உழவாரன் குருவிகளுக்கும் வௌவால்களுக்கும் பெயர்பெற்ற கோமந்தோங் குகையும் உங்களுக்கு வேண்டாம். முலுவிலும் மான் குகைக்குள் நுழையாமல், வெளியே திறந்தவெளியில் அமர்ந்து வௌவால்கள் கிளம்புவதை மட்டும் பார்க்கலாம். எப்படியும் அந்தக் காட்சி வெளியில்தான் நடக்கிறது. காற்று நன்றாக ஓடும் குகைகளாகத் தேர்ந்தெடுங்கள்: ஈப்போவின் கெக் லோக் தோங், பெர்லிஸ் மாநிலத்தின் காக்கி புக்கிட்டிலுள்ள குவா கெலாம் போன்று இருபுறமும் திறந்தவை. குவா கெலாமில் 370 மீட்டர் நீளப் பாதையில் ஓடையின் மேலேயே நடந்து மறுபக்கம் போய்விடலாம். மூச்சுக்குழல் மருந்தைப் பையின் அடியில் வைக்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் பையைக் கொட்டித் தேட முடியாது.